11-ஆம் எண் கூண்டு

நேயர்கள் அனைவருக்கும் வணக்கம். பாம்பன், மண்டபம், கீழக்கரை, தொண்டி என்று இந்தக் கரையின் எந்த ஊரிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தாலும், ‘பாம்பன் துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றப்பட்டுள்ளது’ என்ற வரி உங்களுக்குப் புதிதன்று. கடலுக்குப் போகிற வீடுகளில் அதைக் கேட்டவுடன் எழும் கேள்வி, எத்தனையாம் எண் என்பதுதான். 1, 2 என்றால் தூரக்கடலில் ஏதோ உருவாகியிருக்கிறது; 3, 4 என்றால் துறைமுகத்துக்கே மோசமான வானிலை வரக்கூடும்; 5 முதல் 7 வரை அபாயம்; 8 முதல் 10 வரை பேரபாயம். இவற்றுக்கு மேல் 11-ஆம் எண் ஒன்று இருக்கிறது. பத்தைவிடப் பெரிய புயலுக்கு அது அடையாளம் என்று பலர் எண்ணியிருக்கிறார்கள். அப்படியன்று. வானிலை எச்சரிக்கை மையத்துடன் செய்தித் தொடர்பு அறுந்துவிட்டது, ஆபத்து இருப்பதாகத் துறைமுக அதிகாரி தாமாகக் கருதுகிறார் என்பதே அதன் பொருள்.

‘எங்களுக்குச் செய்தி இல்லை’ என்று ஊரறியச் சொல்வதற்கென்றே ஒரு கூண்டு இருக்கிறது என்பதை அறிந்த நாள் முதல், பள்ளியில் அறிவியல் நடத்திய ஆண்டுகள் முழுவதும், ஆய்வு நேர்மை என்றால் என்ன என்று கேட்ட பிள்ளைகளுக்கு அதையே உதாரணமாகச் சொல்லி வந்தேன். இன்றும் அதைத்தான் சொல்ல வந்திருக்கிறேன்.

இந்தக் கூண்டுகளின் மூதாதை இங்கிலாந்தில் பிறந்தது. 1859 அக்டோபரில் ‘ராயல் சார்ட்டர்’ என்ற கப்பல் வேல்சு நாட்டுக் கரையில் புயலில் உடைந்து, ஏறக்குறைய 450 பேர் மாண்டார்கள். டார்வினை ஏற்றிச் சென்ற பீகிள் கப்பலின் தலைவராக இருந்த இராபர்ட் ஃபிட்சுராய் அப்போது வானிலைப் பணியின் பொறுப்பில் இருந்தார். பல துறைமுகங்களிலிருந்து தந்தி மூலம் காற்றழுத்த அளவுகளைத் திரட்டி, 1861-இல் புயல் எச்சரிக்கை தரத் தொடங்கினார். கூம்பும் உருளையுமாகக் கம்பத்தில் ஏற்றப்பட்ட அடையாளங்கள் அவர் வகுத்தவை. தாம் வெளியிடுவது ஆரூடம் அன்று, அளந்த எண்களிலிருந்து பெறும் கருத்து என்று அவர் வலியுறுத்தினார்.

அவருடைய கணிப்புகள் சில நாள் பொய்த்தன. செய்தித்தாள்கள் எள்ளின. 1865-இல், உடல்நலமும் மனநலமும் பொருள்நிலையும் குலைந்த நிலையில், அவர் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். மறு ஆண்டு, அவர் முறைக்கு அறிவியல் அடிப்படை போதாது என்று ஒரு குழு அறிக்கை தர, எச்சரிக்கைகளே நிறுத்தப்பட்டன. கூண்டு இல்லாத கம்பத்தைக் கண்ட துறைமுக மக்கள் அதைத் திரும்பக் கேட்டார்கள். 1867-இல் எச்சரிக்கை மீண்டும் வந்தது.

நம் கரையிலும் இதே மனத்தாங்கல் உண்டு. கூண்டு ஏறுகிறது, கடலுக்குப் போக மீன்வளத்துறை டோக்கன் கொடுப்பது நிற்கிறது, நாட்டுப்படகும் விசைப்படகும் கரையில் கிடக்கின்றன, இரண்டு நாள் கழித்துப் பார்த்தால் வாடைக்காற்றுகூடச் சரியாக வீசவில்லை. அன்றைய வருமானத்தை இழந்தவருடைய கோபத்தை நான் சிறிதும் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் 2020 டிசம்பரில் ‘புரெவி’ புயல் வந்தபோது, ‘பாம்பனுக்கும் கன்னியாகுமரிக்கும் இடையே கரையைக் கடக்கும்’ என்று அறிவித்தார்கள். எந்த ஊர் என்று சொல்லத் தெரியாதா என்று தேநீர்க் கடையில் ஒருவர் கேட்டார். அந்த இரண்டு ஊர்களுக்கும் இடையே உள்ள தூரம்தான் அந்த அறிவிப்பின் நேர்மையான பகுதி என்று அவருக்குப் பதில் சொன்னேன். அது நம் கரையைப் புயலாகக் கடக்கவே இல்லை. வலுவிழந்து, நம் இராமநாதபுரக் கரைக்கு அருகிலேயே பல மணி நேரம் நகராமல் நின்று மழையைக் கொட்டியது. ஒற்றை ஊரின் பெயரைச் சொல்லியிருந்தால் கேட்பதற்குத் தெளிவாக இருந்திருக்கும். அது இல்லாத தெளிவு.

இப்போது எங்கள் பள்ளி மழைமானியைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒரு புனல், அதன் கீழே ஒரு கலன், கோடு போட்ட ஓர் அளவுக் கண்ணாடி, அவ்வளவுதான். காலை 8.30 மணிக்கு ஒரு பிள்ளை கலனில் உள்ள நீரைக் கண்ணாடியில் ஊற்றி, கண்ணுக்கு நேராகப் பிடித்து, நீரின் வளைவு எங்கே தாழ்ந்து நிற்கிறதோ அந்தக் கோட்டைப் பார்த்து நோட்டில் எழுத வேண்டும். கார்த்திகை மாதத்தில் ஒரு நாள், வேலிப்படல் திறந்து கிடந்ததால் ஆடு புகுந்து மழைமானியைச் சாய்த்துவிட்டது. ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி நோட்டில் இப்படி எழுதினாள்: ‘ஆடு தட்டிவிட்டது. நீர் கொட்டிவிட்டது. அளவு தெரியவில்லை.’

சில நாள் கழித்துப் பள்ளிக்கு வந்த ஓர் அதிகாரி அந்த வரியைக் கண்டு முகம் சுளித்தார். எண் இல்லாவிட்டால் நோட்டு முழுமை பெறாது, பக்கத்து ஊரில் அன்று 22 மில்லிமீட்டர் பதிவாகியிருக்கிறது, அதையே எழுதிக்கொள்ளுங்கள் என்றார். மறுத்துப் பேச வேண்டிய நான் பேசாமல் நின்றேன். அந்தப் பிள்ளைதான் மெதுவாகச் சொன்னாள்: “அது அவங்க ஊரு மழை, சார்.”

மண்டபத்தில் கொட்டுகிறபோது உச்சிப்புளியில் வெயில் காய்வதைப் பார்த்து வளர்ந்த பிள்ளை அவள். இரவல் வாங்கிய எண்ணுக்கும் அளந்த எண்ணுக்கும் நோட்டில் ஒரே மை, ஒரே கையெழுத்து. பத்தாண்டு கழித்து எடுத்துப் பார்ப்பவருக்கு எது எது என்று தெரியாது. அப்போது சந்தேகம் அந்த ஒரு நாளோடு நிற்காமல் நோட்டு முழுவதையும் பற்றிக்கொள்ளும். அவள் எழுதிய வரியை நாங்கள் அழிக்கவில்லை.

அதிகாரம் கேட்க விரும்பாததைச் சொல்வது இதைவிடக் கடினம். ‘சைக்ளோன்’ என்ற சொல்லை 1848-இல் உருவாக்கிய என்றி பிடிங்டன் கொல்கத்தாவில் வாழ்ந்தவர். கொல்கத்தாவுக்குத் தெற்கே மாத்லா ஆற்றங்கரையில் கம்பெனி அரசு புதுத் துறைமுகம் அமைக்க எண்ணியபோது, 1853-இல் தலைமை ஆளுநர் டல்ஹவுசிக்கு அவர் கடிதம் எழுதினார்: ஒரு நாள் புயலோடு கடல் எழுந்து அந்த இடத்தை மூழ்கடிக்கும். எந்த ஆண்டு என்று அவர் சொல்லவில்லை, சொல்லவும் முடியாது. கடிதம் பொருட்படுத்தப்படவில்லை, துறைமுகம் எழுந்து, டல்ஹவுசிக்கு அடுத்து வந்த தலைமை ஆளுநர் கானிங்கின் பெயரைப் பெற்றது. 1867 நவம்பரில் ஆறடி உயரத்துக்குப் புயலலை வந்தது. சில ஆண்டுகளில் துறைமுகம் கைவிடப்பட்டது. பிடிங்டன் 1858-லேயே இறந்துபோயிருந்தார். 1964 டிசம்பர் 22 இரவுக்குப் பின் தனுஷ்கோடி என்னவாயிற்று என்பதை அறிந்த உங்களுக்கு, புயலலை என்ற சொல்லை நான் விளக்க வேண்டியதில்லை.

நேரம் முடிகிறது என்று கண்ணாடிக்கு அப்பாலிருந்து கை காட்டுகிறார்கள். உரையின் பாதியை உருசிய விதை அறிவியலாளர் வவிலோவுக்கு வைத்திருந்தேன்; சுருக்கமாகச் சொல்கிறேன். மரபியலை மறுத்து விளைச்சலைப் பெருக்கிக் காட்டுவதாக வாக்களித்த லைசென்கோவுக்கு ஸ்டாலின் ஆதரவளித்தார். அதை எதிர்த்த வவிலோவ் 1940-இல் கைதாகி, 1943-இல் சராத்தோவ் சிறையில் மாண்டார். அவர் உலகெங்கும் சென்று திரட்டிய விதைகள் லெனின்கிராடில் இருந்தன. இரண்டாம் உலகப் போரில் நகரம் செருமானியப் படையின் முற்றுகையில் பட்டினி கிடந்தபோது, அங்கே நெல் விதைகளுக்குப் பொறுப்பாளராக இருந்த திமித்ரி இவானோவ், நெல் பொட்டலங்களுக்கு நடுவே, அவற்றிலிருந்து ஒரு பிடியும் எடுக்காமல் பசியால் இறந்தார். வணக்கம்.