கித்தான் பையும் நைலான் பையும்: முதுகுச் சுமையின் கணக்கு

[காட்சி: மேசையில் இரண்டு காலிப் பைகள், தராசு]

பல நாள் நடைக்குப் பழைய கித்தான் (கான்வாஸ்) முதுகுப்பையை எடுப்பதா, புதிய இலகு நைலான் பையை எடுப்பதா? தோல் வார்களும் இரும்புக் கொக்கிகளும் வைத்த பழைய பை, காலியாக இருக்கும்போதே இரண்டு கிலோவைத் தாண்டிவிடும். புதியது ஒரு கிலோகூட வராது. ஒரு பொருளும் எடுத்து வைக்காமலே தொடங்கிவிடுகிற வித்தியாசம் இது.

[காட்சி: இரு துணிகளின் நெருக்கமான படம்]

எடை எங்கே குறைந்தது என்று துணியின் நூலில் பார்க்கலாம். நூலின் பருமனை டெனியர் என்ற அளவால் சொல்கிறார்கள். 9,000 மீட்டர் நூல் எத்தனை கிராமோ, அத்தனை டெனியர். இலகுவான கூடாரங்களில் 20 டெனியர் நூல் சாதாரணம். ஒன்பது கிலோமீட்டர் நீள நூலின் எடை வெறும் 20 கிராம்! அதன் மேல் சிலிகான் பூசினால் மழை உள்ளே வராது.

கித்தானின் வேலை வேறு விதம். மழை பட்டதும் பருத்தி இழைகள் உப்பி, இடையிலுள்ள துளைகளை அடைத்துக்கொள்ளும். பூச்சு இல்லாமலே நெருக்கமான நெசவு ஓரளவு நீரைத் தடுக்கும். ஆனால் துணி குடித்த நீரையெல்லாம் மறுநாள் நீங்கள்தான் சுமக்க வேண்டும். ஈரத்தோடு மடித்து வைத்தால் பூஞ்சை பிடிக்கும்.

இவ்வளவோடு நின்றால் தீர்ப்பு எளிது. நான் கேட்கச் சொல்வது இன்னொரு கேள்வி: இந்தப் பொருள் எப்படிப் பழுதாகும்?

[காட்சி: கூடாரத் துணியில் தீப்பொறி பட்ட ஓட்டை]

நெருப்பிலிருந்து ஒரு பொறி பறந்து வந்தால் மெல்லிய நைலான் உடனே உருகி ஓட்டையாகும். தடித்த கித்தானில் பெரும்பாலும் கருகிய புள்ளியோடு போய்விடும். கித்தான் கிழிந்தால் ஊசியும் நூலும் போதும். சிலிகான் பூசிய துணியில் சாதாரண ஒட்டுநாடா ஒட்டவே ஒட்டாது. பாலியூரித்தேன் என்ற பிளாஸ்டிக் பூசிய பழைய கூடாரத்தை விரித்தவர்களுக்கு அந்தப் பிசுபிசுப்பும் புளித்த வாடையும் தெரியும். வெயிலே படாமல் அலமாரியில் கிடந்தாலும், ஈரப்பதம் அந்தப் பூச்சை மெல்ல மெல்லச் சிதைத்து, செதில் செதிலாக உரித்துவிடும்.

அடுப்பிலும் இதே கதை. கைக்கு அடக்கமான எரிவாயு அடுப்பு அருமையானது. ஆனால் அதில் எரியும் சாதாரண பியூட்டேன் வாயு 0 டிகிரியை ஒட்டிய குளிரில் ஆவியாக மறுக்கும். காற்றடித்து எரிக்கும் கனமான மண்ணெண்ணெய் அடுப்பு அந்தக் குளிரிலும் எரியும்.

உடையில் நான் தயங்காமல் பழைய கம்பளியின் பக்கம். தன் எடையில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு ஈரத்தை உறிஞ்சிக்கொண்டும் அது கதகதப்பை விடாது. இறகு அடைத்த இலகு மேலாடை நனைந்தால் கட்டிகட்டியாகித் தட்டையாகிவிடும். பருத்திச் சட்டை, குளிரும் மழையும் சேர்ந்த இடத்தில், உயிருக்கே ஆபத்து.

[காட்சி: இடுப்புப் பட்டை இறுகுகிறது]

புதுமை எனக்கு முழு மனதோடு பிடித்த இடம் இடுப்புப் பட்டை. தோள்கள் தாங்கிய பாரத்தை இடுப்பெலும்புக்கு இறக்குகிற ஏற்பாடு அது. 1950களில் அமெரிக்காவில் டிக் கெல்டி, அலுமினியச் சட்டம் வைத்த பைகளோடு இதையும் பரவலாக்கினார். இந்த வசதியை யாரும் விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை.

ஆனாலும் எடை குறைய விலையுயர்ந்த துணிதான் வேண்டும் என்பதை நான் ஏற்க மாட்டேன். 1955இல் எம்மா கேட்வுட் என்ற 67 வயதுப் பெண்மணி, 3,200 கிலோமீட்டருக்கும் அதிகமான, அமெரிக்காவின் அப்பலாச்சியன் மலைப் பாதையைத் தனியாக நடந்து முடித்தார். தானே தைத்த துணிப்பை, கான்வாஸ் காலணி, போர்வை, மழைக்குக் குளியலறைத் திரை. கூடாரமும் இல்லை, ஸ்லீப்பிங் பேக்கும் இல்லை. அவர் வீட்டிலேயே விட்டுச் சென்ற பொருள்கள்தான் அவருடைய சுமையைக் குறைத்தன.

[காட்சி: பொருள்கள் ஒவ்வொன்றாகத் தராசில்]

மாற்ற நினைப்பவர்கள் முதலில் இருப்பதையெல்லாம் நிறுத்துப் பாருங்கள். தேவையற்றதை எடுத்துவிட்டு, கூடாரம், படுக்கை ஆகியவற்றை மாற்றுங்கள். பையைக் கடைசியாக வாங்குங்கள். சட்டமில்லாத இலகு பையில் 15 கிலோவைத் திணித்தால், பாரம் முழுவதும் மறுபடி தோளில்தான் வந்து உட்காரும்.