வெயில் படாவிட்டால் குணமே மாறிவிடுமா?

அடுத்த கேள்வி ஓர் அம்மா கேட்டது. மகள் நார்வேயில், ட்ரொம்சோ நகரத்தில் படிக்கிறாளாம். "கார்த்திகை பிறந்தால் போதும், போனில் எரிந்து விழுகிறாள். எந்நேரமும் தூக்கம். பிரெட்டும் சாக்லேட்டுமாகத் தின்கிறாள். பங்குனியில் பழைய பிள்ளையாகிவிடுகிறாள். வெயில் இல்லாமல் குணமே மாறிப்போச்சா?"

அம்மா, பதிலை நீங்களே சொல்லிவிட்டீர்கள். பங்குனியில் பழையபடி ஆகிவிடுகிறாள் என்றால் அது குணம் இல்லை. மாசம் பார்த்தா குணம் மாறும்? மாறுவது மனநிலை.

அந்த ஊரில் நவம்பர் கடைசியிலிருந்து ஜனவரி பாதி வரை சூரியன் எழும்புவதே கிடையாது. நண்பகலில் கொஞ்ச நேரம் நீலமாக ஒரு மங்கல் வெளிச்சம், அவ்வளவுதான். குளிர்காலத்தில் மட்டும் வந்துபோகும் இந்தச் சோர்வை 1984-ல் நார்மன் ரோசந்தால் என்ற மனநல மருத்துவரும் அவரது குழுவினரும் அமெரிக்காவில் விவரித்து எழுதினார்கள். அவரே தென்னாப்பிரிக்க வெயிலில் வளர்ந்து, அமெரிக்கக் குளிரில் சுருண்டுபோன ஆள்தான்.

'வைட்டமின் டி மாத்திரை அனுப்பட்டுமா' என்றும் கேட்டிருக்கிறீர்கள். டாக்டர் சொன்னால் தாராளமாகச் சாப்பிடட்டும். ஆனால் வெயில் பட்டுத் தோலில் உண்டாகும் வைட்டமின் டி தோல் சமாச்சாரம், இந்தச் சோர்வு கண் சமாச்சாரம். விழித்திரையில் சில செல்களுக்கு முக்கிய வேலையே வெளிச்சத்தை அளப்பதுதான். விடிந்துவிட்டது என்று மூளையிலுள்ள கடிகாரத்துக்கு அவைதான் தகவல் சொல்லும். தகவல் போகாவிட்டால் கடிகாரம் பின்தங்கும். உடம்பு எழுந்திருக்கும், மூளைக்கு இன்னும் ராத்திரிதான்.

'ரூமில் லைட் எரிகிறதே' என்பாள். அங்கேதான் ஏமாந்துபோகிறோம். வெளிச்சத்தை லக்ஸ் என்ற அளவில் அளப்பார்கள். நன்றாக விளக்குப் போட்ட ஆபீஸில் 300, 500 லக்ஸ் இருக்கும். மேகம் மூடிய பகலில்கூட வெளியே ஆயிரக்கணக்கில் இருக்கும். பார்க்கும்போது நமக்கு அந்த வித்தியாசம் தெரியாது, அந்தச் செல்களுக்குத் தெரியும்.

அதே நார்வேயில் ரியூக்கான் என்று பள்ளத்தாக்கில் ஓர் ஊர். ஆறு மாசம் போல மலை வெயிலை மறைத்துவிடும். ஜனங்கள் மேலே போய் வெயில் காய்வதற்காகவே 1928-ல் ரோப் கார் போட்டார்கள். 2013-ல் மலைமேல் மூன்று பெரிய கண்ணாடிகளை வைத்து, வெயிலை ஊர்ச் சதுக்கத்தில் விழ வைத்தார்கள். மக்கள் அதில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள்!

உங்கள் மகளுக்கு அவ்வளவு வேண்டாம். 10,000 லக்ஸ் ஒளிப்பெட்டி என்று கிடைக்கிறது. காலையில் எழுந்ததும் அரை மணி நேரம் அதன் முன்னால் உட்கார்ந்து காபி குடிக்கலாம், படிக்கலாம். விளக்கையே முறைத்துப் பார்க்கக் கூடாது. சாயங்காலம் போட்டால் ராத்திரித் தூக்கம் கெடும். கண் நோயோ, இருமுனை மனநோயோ (சோர்வும் மிதமிஞ்சிய உற்சாகமும் மாறி மாறி வருவது) இருந்தால் டாக்டரைக் கேட்காமல் தொடவே கூடாது, சிலருக்கு மனம் எதிர்ப்பக்கம் தறிகெட்டு ஓடிவிடும். 'எதுக்கு வாழணும்' என்கிற மாதிரி பேச்சு வந்தால் பெட்டி வாங்கும் வரை காத்திருக்காதீர்கள். அன்றைக்கே அங்குள்ள மருத்துவரைப் பார்க்கச் சொல்லுங்கள்.

சரி, அடுத்த கேள்வி.