9 வெற்றி, 17 தோல்வி: அவரை ஏன் எடுத்தார்கள்?

நண்பர்களே, வணக்கம். அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தில் மார்ச், ஏப்ரல் வந்தாலே தலைமைப் பயிற்சியாளர்கள் மாறத் தொடங்கிவிடுவார்கள். புதியவர் பெயர் வெளியானதும் எல்லாரும் முதலில் தேடுவது அவருடைய வெற்றி தோல்விக் கணக்கைத்தான், அது அரைகுறையாக இருந்துவிட்டால் "இவரையா எடுத்தீங்க?" என்று ஒரே கூச்சல். அந்தக் கணக்கை நாம் சரியாகப் படிப்பதே இல்லை என்பதுதான் என் கட்சி.

1980-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். வட கரோலினாவில் உள்ள டியூக் பல்கலைக்கழகத்தின் விளையாட்டுத் துறை இயக்குநர் டாம் பட்டர்ஸ், 33 வயது மைக் ஷஷெவ்ஸ்கியைப் பயிற்சியாளராக எடுத்தார். அதற்கு முந்தைய சீசனில் அவருடைய அணி 9 ஆட்டம் ஜெயித்து 17 தோற்றிருந்தது. ஐந்து வருடக் கணக்கு 73-59. பிரமாதம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

ஆனால் அது எங்கே வந்த கணக்கு? வெஸ்ட் பாயின்ட் ராணுவக் கல்லூரியில். படிப்பு முடிந்ததும் கட்டாய ராணுவப் பணி காத்திருக்கும்போது, தொழில்முறை ஆட்டக் கனவோடு இருக்கும் நல்ல வீரன் எவன் அங்கே சேருவான்? அவர் பொறுப்பேற்பதற்கு முந்தைய சீசனில் அந்த அணி 3-22. இரண்டாவது வருடத்திலேயே அதை 20-8 ஆக்கிக் காட்டினார். வீரர்கள் சுலபமாகக் கிடைக்காத இடத்தில் ஒருவர் என்ன செய்தார் என்பதை மொத்தக் கணக்கு சொல்லாது, வருடம் வருடமாகப் பிரித்துப் பார்த்தால்தான் தெரியும்.

சரி, எடுத்தாகிவிட்டது. அப்புறம்? முதல் சீசன் 17-13, அடுத்தது 10-17, அதற்கடுத்தது 11-17. 1983-இல் ஏசிசி (டியூக் சேர்ந்திருக்கும் கல்லூரி அணிகளின் கூட்டமைப்பு) தொடரில் நட்சத்திர வீரர் ரால்ஃப் சாம்ப்சன் ஆடிய வர்ஜீனியாவிடம் 109-66 என்ற புள்ளிக் கணக்கில் அடி வாங்கினார்கள். ஆளை அனுப்பு என்று டியூக் ரசிகர்களே கேட்டார்கள். பட்டர்ஸ் என்ன செய்தார் தெரியுமா? 1984 ஜனவரியில் ஒப்பந்தத்தை நீட்டித்தார்!

இதை வெறும் பிடிவாதம் என்று நான் நினைக்கவில்லை. அந்த 11-17 அணியில் ஜானி டாக்கின்ஸ், மார்க் அலாரி, ஜே பிலஸ், டேவிட் ஹென்டர்சன் எல்லாரும் முதலாண்டு மாணவர்கள். தோற்றுக்கொண்டிருந்தவர்கள் அந்தப் பிள்ளைகள்தான், ஆனால் அவர்களைத் தேடிப் பிடித்துக் கொண்டுவந்தவர் இந்தப் பயிற்சியாளர். அவர்களே நான்காம் ஆண்டில், 1986-இல், 37 ஆட்டம் ஜெயித்து இறுதிப் போட்டி வரை போனார்கள், லூயிவில்லிடம் தோற்றார்கள். அதன் பிறகு 1991 முதல் 2015 வரை ஐந்து தேசியப் பட்டங்கள். 2022-இல் ஷஷெவ்ஸ்கி ஓய்வு பெறும்போது அவருடைய மொத்த வெற்றி 1,202. ஆளை எடுப்பது பாதி வேலை, தோற்கும் வருடங்களில் எதைப் பார்க்க வேண்டும் என்று தெரிந்திருப்பது மீதி வேலை, அதைத்தான் நம்மில் பலர் மறந்துவிடுகிறோம்.

இதற்காக எல்லாருக்கும் பொறுமை காட்டு என்று நான் சொல்லவில்லை. பக்கத்திலேயே இருக்கும் நார்த் கரோலினா பல்கலைக்கழகம் 2000-இல் மாட் டோஹர்ட்டியை எடுத்தது. நோட்ர டாம் பல்கலைக்கழகத்தில் ஒரே ஒரு வருடம் தலைமைப் பயிற்சியாளராக இருந்தவர், தங்கள் பழைய மாணவர் என்ற பாசமும் சேர்ந்தது. முதல் வருடம் 26-7, இரண்டாவது வருடம் 8-20. வீரர்களோடு உறவு கசந்துபோய் 2003-இல் விலகினார். ஆட்டத்தில் தோற்பதைக்கூடப் பொறுக்கலாம், உள்ளே இருக்கும் பிள்ளைகளே நம்பிக்கை இழந்துவிட்டால் அணியை மீட்பது ரொம்பக் கஷ்டம். அதனால் அந்த முடிவு சரி என்றே நினைக்கிறேன். ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும். 2005-இல் அவருக்கு அடுத்து வந்த பயிற்சியாளர் ராய் வில்லியம்ஸ் அங்கே தேசியப் பட்டம் வென்றாரே, அந்த அணியின் தூண்களான ஷான் மே, ரேமண்ட் ஃபெல்டன், ரஷாத் மெக்கன்ட்ஸ் மூவரையும் கல்லூரிக்குக் கொண்டுவந்தவர் டோஹர்ட்டிதான். அந்தப் பட்டம் அவருடைய கணக்கில் எங்கேயும் ஏறவில்லை.