கவசத்துக்குள் ஒரு வாரிசு

நேயர்களுக்கு வணக்கம்.

ஐரோப்பாவின் இடைக்காலக் காதல் காவியங்கள் என்றதும் மாடத்தில் காத்திருக்கும் சீமாட்டியும் அவளுக்காக வாள் சுழற்றும் வீரனும்தான் பலருக்கு நினைவுக்கு வருவார்கள். அந்தச் சீமாட்டி கையிலும் ஒரு வாளைக் கொடுத்துவிட்டால் கதை நவீனமாகிவிடும் என்று நம்புகிறவர்கள் இன்று நிறைய இருக்கிறார்கள். அந்த வாளை 13ஆம் நூற்றாண்டிலேயே பிரெஞ்சு மொழியில் எழுதிய ஒரு கவிஞர் கொடுத்துவிட்டார். வாள் கிடைத்த பிறகும் தீராத வழக்கு எது என்பதும் அவருக்குத் தெரிந்திருந்தது.

அந்தக் காவியத்தின் பெயர் ‘சைலன்ஸ்’. எழுதியவர் தன்னை இங்கிலாந்தின் கார்ன்வாலைச் சேர்ந்த ஹெல்ட்ரிஸ் என்கிறார். அதற்கு மேல் அவரைப் பற்றி ஒரு தடயமும் இல்லை. காவியத்துக்கு இன்று இருப்பது ஒரே ஒரு கையெழுத்துப் பிரதி. 1911இல் இங்கிலாந்தின் நாட்டிங்காமில் உள்ள வோலட்டன் மாளிகையில், ‘பழைய காகிதங்கள், மதிப்பில்லை’ என்று எழுதி வைத்திருந்த ஒரு பெட்டியிலிருந்து அது வெளிவந்தது.

கதை ஒரு சொத்துத் தகராறில் தொடங்குகிறது. இரட்டைச் சகோதரிகளை மணந்த இரு பிரபுக்கள், யாருடைய மனைவி மூத்தவள், நிலம் யாருக்கு என்று சண்டையிட்டு இருவருமே மடிகிறார்கள். இங்கிலாந்து மன்னன் எபெய்னுக்குக் கோபம் வருகிறது. செத்தவர்கள் ஆண்கள், அடித்துக்கொண்டவர்களும் ஆண்கள். தண்டனை மட்டும் பெண்களுக்கு. இனி என் நாட்டில் எந்தப் பெண்ணுக்கும் வாரிசுரிமை கிடையாது என்று அறிவித்துவிடுகிறான்.

பின்னர் கார்ன்வால் பிரபு கேடருக்கு ஒரு மகள் பிறக்கிறாள். நிலம் கைவிட்டுப் போகாமலிருக்க, பிறந்தது ஆண் என்று சொல்லிவிடுகிறார்கள். அந்தக் குழந்தைதான் சைலன்ஸ். குழந்தை காட்டில் ஒரு தனி வீட்டில், குதிரையேற்றமும் மல்யுத்தமும் பழகி, வெயிலில் கறுத்து வளர்கிறது. சைலன்ஸைக் கவிஞரே ‘அவன்’ என்றும் ‘அவள்’ என்றும் மாறி மாறித்தான் சொல்கிறார். நானும் அப்படியே சொல்லிக்கொண்டு போகிறேன்.

பன்னிரண்டு வயது வாக்கில் இயற்கை ஒரு பெண்ணுருவில் வந்து, “போய் ஊசிநூலைக் கையில் எடு” என்று சைலன்ஸை அதட்டுகிறாள். வளர்ப்பும் உருவெடுத்து வந்து எதிர்வாதம் செய்கிறது. கடைசியில் பகுத்தறிவு வந்து ஆணாகவே இருக்கச் சொல்கிறது. சைலன்ஸ் தன் வாயையும் கைகளையும் யோசித்துப் பார்க்கிறான். முத்தமிட இந்த வாய் மிகக் கடினம், அணைக்க இந்தக் கைகள் மிக முரடு. மேலே இருக்க முடிகிறபோது எதற்காகக் கீழே இறங்க வேண்டும்? பெண்ணாக இருப்பது என்பது கீழே இறங்குவது என்று அந்த வயதிலேயே கணக்குப் போட்டுவிட்ட இந்த இடத்தைத்தான் நான் அடிக்கடி திரும்பப் படிக்கிறேன்.

அதன் பிறகு சைலன்ஸ் பாணர்களோடு ஓடிப்போகிறான். யாழிசையில் அவர்களையே மிஞ்சுகிறான். போர்க்களத்தில் பெயர் வாங்குகிறான். இதையெல்லாம் வேகமாகக் கடந்துவிடலாம், சாகசக் கதைகளில் வழக்கமாக வருவதுதான். எபெய்னின் அரசவையில் அரசி அவன்மேல் ஆசைப்படுகிறாள். அவன் மறுத்ததும் தன் தலைமுடியைப் பிய்த்து, முகத்தில் இரத்தம் வழிய நின்று, அவன்தான் கெடுக்க வந்தான் என்று பழி போடுகிறாள். பிறகு அவனை ஒழித்துக்கட்ட, ஆர்தர் மன்னன் கதைகளில் வரும் மந்திரவாதி மெர்லினைப் பிடித்துவரும் வேலையை அவன் தலையில் கட்டுகிறாள். பெண்ணின் தந்திரத்தால் மட்டுமே பிடிபடுவேன் என்று மெர்லின் சொல்லியிருந்தாராம். காட்டில் இலைதழை தின்று திரிந்த அந்த மந்திரவாதியை உப்பிட்டுச் சுட்ட இறைச்சி, தேன், பால், மது ஆகிய நான்கும் வீழ்த்திவிடுகின்றன. அவைக்கு வந்த மெர்லின் எல்லோர் குட்டையும் உடைக்கிறார். சைலன்ஸ் பெண், அரசியின் பக்கத்தில் நிற்கும் கன்னியாஸ்திரீ ஆண், அரசியின் கள்ளக்காதலன்.

அரசிக்கும் அந்தக் காதலனுக்கும் மரண தண்டனை. பெண்களுக்கு வாரிசுரிமை திரும்பக் கிடைக்கிறது. இயற்கை மூன்று நாள் உழைத்துச் சைலன்ஸின் உடலிலிருந்து ஆண்மையின் சுவடுகளையும் வெயிலின் கறுப்பையும் துடைத்தெடுக்கிறாள். பிறகு மன்னன் அவளையே மணந்துகொள்கிறான். கேடரின் மகளுக்கு உரிய கார்ன்வால், கணவன் என்ற முறையில் இனி யார் ஆளுகைக்குள் வரும் என்று பாருங்கள். சட்டத்தை நீக்கியதில் மன்னனுக்கு ஒரு நஷ்டமும் இல்லை.

2020இல் அலெக்ஸ் மையர்ஸ் இதை ஆங்கிலத்தில் நாவலாக மறுபடி எழுதினார். ஆண், பெண் என்ற இரு கட்டங்களுக்குள் அடங்காத ஒருவரின் தேடலாகச் சைலன்ஸ் அதில் வருகிறார். அந்த வாசிப்புக்கு மூலத்திலேயே இடம் இருக்கிறது. அவர் வலிந்து திணித்தது என்று சொல்ல மாட்டேன்.

ஆனால் என்னை உறுத்துவது அரசி. அவள் நார்வே மன்னனின் மகள். இரு நாடுகளுக்கும் இடையே நடந்த போரை நிறுத்த, சமாதானத்தின் விலையாக எபெய்னுக்குக் கொடுக்கப்பட்டவள். அதைச் சொன்ன கவிஞர் பிறகு அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. அவளைக் காமத்துக்கும் வஞ்சகத்துக்கும் உருவமாக்கிவிட்டு, நல்ல பெண்கள் என்மேல் கோபப்பட வேண்டாம் என்று முடிவில் சமாதானம் சொல்கிறார். இந்தக் கதையை யாராவது மறுபடி எழுதப்போகிறார்கள் என்றால், நார்வேயிலிருந்து அவள் கப்பலேறும் நாளிலிருந்து தொடங்கட்டும். அவளிடமும் யாரும் சம்மதம் கேட்டதாகத் தெரியவில்லை.

நன்றி, வணக்கம்.