எதிரணியின் வாதத்தை முதலில் நீ சொல்

நேயர்களுக்கு வணக்கம். சர்ச்சைக்குரிய விஷயங்களை மரியாதையோடு விவாதிக்கப் பல்கலைக்கழக மாணவர்களைப் பழக்குவது எப்படி? மலேசியாவின் கெடா மாநிலத்திலுள்ள நம் பீடோங் வட்டாரத்தில் எல்லாருக்கும் தெரிந்த விஷயத்தையே எடுத்துக்கொள்வோம்: தோட்டத் தொழிலாளர்களின் பிள்ளைகள் படிக்கும் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளி.

தலைப்பை அமைப்பதிலேயே பாதி வேலை முடிந்துவிடும். "தமிழ்ப்பள்ளி தேவையா?" என்று கேட்டால், அங்கே படித்து வந்த மாணவன் தன்னையே தற்காத்துக்கொள்ளத்தான் எழுந்து நிற்பான். எதிர்த்தரப்பு பேசுவது அவன் காதில் விழாது. தாய்மொழிப் பள்ளிகள் அரசியலமைப்புக்கு முரணானவை அல்ல என்று 2021-இல் உயர் நீதிமன்றமும் 2023-இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் தீர்ப்பளித்திருக்கின்றன. ஆகவே, "150 மாணவர்கள்கூட இல்லாத தோட்டப்பள்ளியைப் பட்டணத்துக் குடியிருப்புக்கு மாற்றலாமா?" என்று கேளுங்கள். இதில் இரண்டு பக்கமும் தமிழ்ப்பள்ளிமேல் அக்கறை உள்ளவர்களே நிற்க முடியும்.

இதற்கு அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேவிட் ஜான்சன், ரோஜர் ஜான்சன் சகோதரர்கள் வகுத்த முறை பொருந்தும். நான்கு பேர் ஒரு குழு; இருவர் இருவராக இரண்டு அணி. தயாரிக்க 20 நிமிடம், வாதம் வைக்க அணிக்கு 5 நிமிடம், குறுக்குக் கேள்விக்கு 10 நிமிடம் கொடுக்கலாம். பிறகு அணிகள் பக்கம் மாறி வாதிட வேண்டும். கடைசியில் பக்கங்களை விட்டுவிட்டு, நால்வரும் சேர்ந்து ஒரே அறிக்கை எழுத வேண்டும்.

குறுக்குக் கேள்வியில் ஒரு விதியை மட்டும் தளர்த்தவே கூடாது. எதிரணி சொன்னதைத் தன் வார்த்தையில் திருப்பிச் சொல்லி, அவர்கள் "ஆமாம், அதைத்தான் சொன்னோம்" என்று ஒப்புக்கொண்ட பிறகே மறுக்கலாம். தவறு பெரும்பாலும் இங்கேதான் நடக்கும். "பள்ளியை மூடச் சொல்கிறீர்கள்" என்பான் ஒருவன். அவர்கள் சொன்னதோ, "பள்ளியை அதன் உரிமத்தோடு இடம் மாற்றுங்கள்" என்பது. எளிதில் வெல்வதற்காக வாதத்தை மெலிய வைத்துவிடுகிறார்கள். பட்டிமன்றத்தில் இதற்குக் கைதட்டல் கிடைக்கும். வகுப்பில் கைதட்டலுக்கு இடம் வேண்டாம்.

பக்கம் மாறும்போது ஒப்புக்குப் பேசுவார்கள். முதல் அணி சொல்லாத ஒரு புதிய காரணத்தையாவது தரவேண்டும் என்று வைத்துவிட்டால், தேடிப் படிப்பார்கள். தம்பி தங்கை அந்தப் பள்ளியிலேயே படிக்கும் மாணவர் ஒருவர் இருக்கலாம். அவரைக் கட்டாயப்படுத்தாதீர்கள், குறிப்பெடுக்கும் பொறுப்பைக் கொடுங்கள். கைப்பேசிகள் எல்லாம் பைக்குள் இருக்கட்டும். பக்கம் மாறிப் பேசியதில் அரை நிமிடத்தைப் பிடித்து யாராவது புலனத்தில் (வாட்ஸ்அப்பில்) போட்டால், தன் கருத்தே அல்லாத ஒன்றுக்காக ஒரு பிள்ளை ஊர் வாயில் விழும். அதற்குப் பிறகு அந்த வகுப்பில் எவரும் மனம்விட்டுப் பேசமாட்டார்கள்.

கூட்டறிக்கையில் எல்லாவற்றிலும் உடன்பாடு வர வேண்டியதில்லை. எதில் ஒத்துப்போகவில்லை, என்ன தகவல் கிடைத்தால் முடிவெடுக்கலாம் என்று எழுதினாலே போதும். தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் இன்னும் எத்தனை பிள்ளைகள் இருக்கிறார்கள், பட்டணத்துக்குப் போகும் பேருந்துக் கட்டணத்தை யார் ஏற்பார்கள், இடம் மாறினால் பழைய கட்டடம் யார் கைக்குப் போகும் என்ற கேள்விகள் அந்தத் தாளில் வந்துவிட்டால், அடுத்த வாரம் மாணவர்கள் யாரைப் போய்க் கேட்க வேண்டும் என்பதும் தெரிந்துவிடும்.