கோப்பையா, ஆட்டமா? ஆட்டமே!

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். ஓர் அணிக்குப் பெருமை கோப்பையாலா, ஆட்டத்தாலா? ஆட்டத்தால்தான்! என் சாட்சி, 1950களின் ஹங்கேரி கால்பந்து அணி.

1953 நவம்பர் 25, லண்டன் வெம்ப்ளி. ஐரோப்பாக் கண்டத்து அணி எதுவும் அங்கே இங்கிலாந்தை ஜெயிச்சதே இல்ல. அந்தக் காலத்துல 9ஆம் நம்பர்னா முன்னால நின்னு கோல் அடிக்கிறவர். அவரைப் பிடிக்கிறவர் 5ஆம் நம்பர். ஹங்கேரியோட 9, ஹிடெக்குட்டி, முன்னால நிக்கவே இல்ல. நடுமைதானத்துக்கு இறங்கிட்டாரு. இங்கிலாந்தோட 5, ஹாரி ஜான்ஸ்டன், அவர் பின்னாடியே போனா கோலுக்கு முன்னால வாசல் திறந்து கிடக்கு. ஹங்கேரியோட மத்த கோல் வீரர்கள் புஷ்காஷும் கோச்சிஷும் உள்ள வந்துடுவாங்க. போகலைன்னா ஹிடெக்குட்டி தனியா நின்னு ஆட்டத்தையே நடத்துவாரு. போனாலும் அடி, நின்னாலும் அடி! முதல் நிமிஷத்துலயே கோல். மொத்தம் மூணு கோல் அவரோடது.

இருங்க, 24ஆவது நிமிஷம் இருக்கே! வலதுபக்கம், கோலுக்குப் பக்கத்துல புஷ்காஷ். இங்கிலாந்து கேப்டன் பில்லி ரைட் சறுக்கிப் பாயறாரு. புஷ்காஷ் இடது உள்ளங்காலால பந்தைப் பின்னால இழுத்தாரு. கோல்!

வேகமா சொல்லிட்டேனோ? மெதுவா பாருங்க. ரைட் பாயறாரு... பந்து அங்கே இல்ல. பந்து இருந்த இடத்தைத் தாண்டி அவர் சறுக்கிக்கிட்டே போறாரு... போய்க்கிட்டே இருக்காரு... அதுக்குள்ள அதே இடது காலால ஒரே அடி, வலை குலுங்குது! ஆட்டம் ஹங்கேரிக்கு, 6-3. மறுவருஷம் மே மாசம் ஹங்கேரியோட புடாபெஸ்டுல அதே இங்கிலாந்தை 7-1!

எதிரணித் தலைவர் கேட்டாரு: "ஊரெல்லாம் பத்திரிகை வச்சுட்டு முகூர்த்தத்துல தூங்கின மாப்பிள்ளைதானே உங்க ஹங்கேரி?"

தூங்கினாங்களா? 1954 உலகக் கோப்பையில அஞ்சே ஆட்டத்துல 27 கோல். இன்னைக்கு வரைக்கும் எந்த அணியும் ஒரே உலகக் கோப்பையில அத்தனை அடிச்சதில்ல! லீக் ஆட்டத்துல மேற்கு ஜெர்மனியை 8-3னு அடிச்சாங்க. அதுல ஜெர்மனியின் லீப்ரிஷ் உதைச்சு புஷ்காஷுக்குக் கணுக்கால் போச்சு. அரையிறுதியில உருகுவேயோட கூடுதல் நேரம் வரைக்கும் ஓட்டம். நாலாம் நாள் பெர்ன் நகரத்துல, கொட்டுற மழையில இறுதி ஆட்டம், மறுபடியும் அதே மேற்கு ஜெர்மனியோட. வலிக்கிற காலோட புஷ்காஷ் 6ஆவது நிமிஷம் ஒண்ணு, அவரோட அணி வீரர் சிபோர் 8ஆவது நிமிஷம் ஒண்ணு. முகூர்த்த நேரத்துல மாப்பிள்ளை முழிச்சுத்தான் இருந்தாரய்யா! ஜெர்மனி ரெண்டையும் சமன் பண்ணிடுச்சு. 84ஆவது நிமிஷம் ஜெர்மனியின் ரான் அடிச்சு அவங்களுக்கு 3-2. அப்புறமும் புஷ்காஷ் பந்தை வலைக்குள்ள தள்ளினாரு. ஆஃப்சைடுன்னு கொடி ஏறிடுச்சு, கோல் செல்லல. கோப்பை கை நழுவிடுச்சு.

1956ல ஹங்கேரியில புரட்சி, அதை அடக்க சோவியத் டாங்கிகள். அணி சிதறிப் போச்சு. கோச்சிஷும் சிபோரும் ஸ்பெயினின் பார்சிலோனா கிளப்புக்குப் போனாங்க. 1961, கிளப் அணிகளோட ஐரோப்பியக் கோப்பை இறுதி. எங்கே தெரியுமா? அதே பெர்ன், அதே மைதானம். கோச்சிஷ் ஒரு கோல், சிபோர் ஒரு கோல். பார்சிலோனா தோத்துச்சு. எத்தனைக்கு எத்தனை? அதே 3-2. ஏழு வருஷம் கழிச்சும் அந்த மண்ணுக்கு மனசு இரங்கலியே அய்யா!

அந்த 7-1 நடந்த மைதானம் இருந்த இடத்துல இன்னைக்குப் புது அரங்கம் நிக்குது. உலகக் கோப்பையைத் தூக்காத ஒருத்தர் பேரை அதுக்கு வச்சிருக்காங்க நடுவர் அவர்களே: புஷ்காஷ் அரேனா!