அமிர்தமும் நஞ்சாகும் வானம்

பெருமதிப்பிற்குரிய விழாத் தலைவர் அவர்களே, பேரூராட்சித் தலைவர் அவர்களே, ஆசிரியப் பெருமக்களே, ஜவ்வாது மலையிலிருந்து இறங்கி வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் மாணவச் செல்வங்களே, வணக்கம். பொன்னாடைக்குப் பதில் புத்தகம் தந்த ஆலங்காயம் வாசகர்களுக்குத் தனி நன்றி.

ஒளியையும் விழுங்கும் கருந்துளைகள் எப்படி வெளிச்சத்தால் நம் கண்ணில் பட்டன, தாம் குடியிருந்த விண்மீன் மண்டலங்களை என்ன செய்தன, நாம் என்ன செய்ய வேண்டும் என்று மூன்று செய்திகள். நான் எந்த மேடையிலும் சொல்லும் பழமொழிதான் இன்றைக்கும்: அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு.

1962 ஆகஸ்ட். ஆஸ்திரேலியாவில் பார்க்ஸ் ரேடியோ தொலைநோக்கி. ரேடியோ அலை வீசும் 3சி 273 என்ற மர்மப் பொருளை நிலா மறைக்கப் போகிறது. மறையும் நொடியைக் குறித்துவிட்டால் அது இருக்கும் இடம் தெரிந்துவிடும். நிலாவோ அடிவானத்தை நோக்கி இறங்குகிறது. 64 மீட்டர் கிண்ணம் அவ்வளவு தாழச் சாயாது. என்ன செய்தார்கள் தெரியுமா? பாதுகாப்புத் தடுப்பைக் கழற்றிவிட்டுச் சாய்த்தார்கள்! திட்டம் போட்ட வானியலாளர் சிரில் ஹசார்ட் ரயில் மாறி ஏறிவிட்டார். அந்த நேரத்தில் அங்கே இல்லை. இடம் கிடைத்தது. மறு ஆண்டே வானியலாளர் மார்ட்டென் ஷ்மிட் அதன் ஒளியைப் பிரித்துப் பார்த்து, அது வெகு தொலைவில் இருக்கிறது என்றார். இன்றைய கணக்கில் 200 கோடி ஒளியாண்டுக்கும் அப்பால். அவ்வளவு தொலைவிலிருந்து இவ்வளவு வெளிச்சமா! கருந்துளைக்குள் விழப்போகும் வாயு கொதித்து வீசும் வெளிச்சம் அது.

அந்த வெளிச்சம் சும்மா இருப்பதில்லை, ஐயா. சுற்றியுள்ள வாயுவைப் பிடித்துத் தள்ளும். பெருவெடிப்புக்குப் பிறகு சுமார் 200 கோடி ஆண்டுகளில் இருந்த ஒரு மண்டலத்தை ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி படித்தது. 2024இல் முடிவு வெளியானது. பாப்லோவின் மண்டலம் என்று செல்லப்பெயர். ஏறக்குறைய நம் பால்வழி அளவு. நடுவிலிருக்கும் கருந்துளை தள்ளுவதால் நொடிக்குச் சுமார் 1,000 கிலோமீட்டர் வேகத்தில் வாயு வெளியே பாய்கிறது. அதில் பெரும்பகுதி குளிர்ந்த வாயு. தானாக ஒளிராத அதை, பின்னாலிருக்கும் விண்மீன்களின் ஒளியை மறைப்பதை வைத்தே கண்டார்கள். விண்மீன் பிறக்க வேண்டிய சரக்கே அதுதான். அது போனதும் அந்த மண்டலத்தில் பிரசவம் நின்றுவிட்டது. அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு!

வெளிச்சத்துக்கும் இது பொருந்தும். இங்கிருந்து மலையேறினால் காவலூர் வானாய்வகம். 1977இல் யுரேனஸின் வளையங்கள் அங்கிருந்தும் கண்டறியப்பட்டன. 1986 முதல் 2.3 மீட்டர் வைணு பாப்பு தொலைநோக்கி அங்கே நிற்கிறது. அதன் அடிவாரத்தில் நாம் விளக்குகளை வானம் நோக்கி எரியவிட்டு, அது பார்க்க வேண்டிய மங்கலான விண்மீன்களை மறைக்கிறோம். தெருவுக்கு வெளிச்சம் வேண்டும்; மேகத்துக்கு எதற்கு? ஒவ்வொரு விளக்குக்கும் மேலே ஒரு மூடி போதும்.

விளக்குகளுக்கு மூடி கேட்கும் மனு வாசலில் மேசைமேல் இருக்கிறது. கையெழுத்திட்ட பிறகு தேநீர் குடிக்கலாம். பேரூராட்சித் தலைவர் அவர்களே, முதல் கையெழுத்து உங்களுடையதாக இருக்க வேண்டும்.